“வயலுக்கும் மூச்சு முட்டும்ல பாப்பா!” - நல்லூர் கழனியில் ஓரடிக் குழாய் சொல்லித்தந்த பாடம்

சேற்று வயலில் கால் வைத்திருக்கிறீர்களா? கணுக்கால் புதையும்போது பக்கத்தில் குபுகுபுவென்று குமிழ் கிளம்பும். சின்ன வயதில் அந்தக் குமிழ்களைத் தேடித் தேடி மிதிப்பதுதான் எனக்கும் அண்ணனுக்கும் விளையாட்டு. “உள்ள தவளை மூச்சு விடுது, மிதிக்காதீங்க” என்பார் பெரியம்மா. ரொம்ப வருடம் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

மூச்சு விட்டது தவளை இல்லை, வயல்தான் என்று பத்திரிகை வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் குமிழில் இருப்பது மீத்தேன். பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் கரியமில வாயுவுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

புகை என்றதும் நமக்கு லாரியும் அனல்மின் நிலையமும் ஞாபகம் வரும். விவசாய நிலத்திலிருந்தும் சூடேற்றும் வாயுக்கள் கிளம்புகின்றன. அவற்றைக் குறைக்க முடியுமா? குறைத்தால் விவசாயிக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விகளோடுதான் இந்த வருடம் மாசி மகத்துக்கு ஊருக்குக் கிளம்பினேன். பையில் வழக்கமான துணிமணியோடு ஓரடி நீளத்தில் ஒரு பி.வி.சி குழாய்த் துண்டும் இருந்தது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

பீங்கான் ஊரின் இன்னொரு மண்

விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயில் தெரியும். முந்திரி தெரியும். அடுத்தது பீங்கான். பொம்மை, அகல்விளக்கு தொடங்கி வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஃபியூஸ் கேரியர் வரை மண்ணைச் சுட்டே செய்கிற ஊர் அது. அங்கிருந்து மணிமுக்தா நதி ஓரமாக நல்லூர் பக்கம் போனால் மண்ணின் வேலை மாறிவிடும். நெல், கரும்பு, மக்காச்சோளம், மணிலா. அங்கேதான் எங்கள் பெரியப்பாவின் கழனி.

மண்பானையில் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? பானையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன. அவற்றின் வழியே நீர் கசிந்து ஆவியாகிறது, பானை குளிர்கிறது. பீங்கான் கோப்பைக்கு மேலே பளபளவென்று பூச்சு ஏற்றிவிடுவதால் துளைகள் அடைபட்டுவிடும். நீர் கசியாது, காற்றும் போகாது.

நெல் வயலிலும் நாம் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறோம். தண்ணீர் கட்டி, சேறடித்து, பரம்படிக்கும்போது மண்ணின் துளைகள் அடைபடுகின்றன. தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. பயிருக்கு அது வசதி. ஆனால், மேலே தண்ணீரும் கீழே அடைபட்ட மண்ணுமாக ஆனபிறகு உள்ளே காற்று போக வழியில்லை.

காற்றில்லாத இடத்தில் வாழப் பழகிய நுண்ணுயிர்கள் அங்கே வேலையைத் தொடங்குகின்றன. போன பருவத்து அடித்தாள், மடக்கி உழுத தழை, வேரிலிருந்து கசியும் சத்து என்று எல்லாவற்றையும் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. அதில் கொஞ்சம்தான் குமிழாக வெளியே வருகிறது. பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக் குழல் வழியாகவே வெளியேறுகிறது. இலையிலிருந்து வேருக்குக் காற்றைக் கொண்டுபோக இயற்கை கொடுத்த குழல் அது. அதுவே வயலின் புகைபோக்கியாகவும் வேலை செய்கிறது!

100 வருடக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஏறக்குறைய 27 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். 20 வருடக் கணக்கில் அது 80 கிலோ அளவுக்கு எகிறிவிடும். ஒரு நல்ல செய்தியும் உண்டு. மீத்தேன் காற்றில் 12 வருடம் போலத்தான் தங்கும். இன்று குறைத்தால், பலனை நம் காலத்திலேயே பார்க்கலாம்.

“நெல்லுன்னா தண்ணி நிக்கணும்!”

குழாயைப் பார்த்ததும் பெரியப்பா சிரித்துவிட்டார்.

“இது என்னா பாப்பா, மெட்ராஸ்லேர்ந்து பைப்பு வாங்கியாந்திருக்க? விருத்தாசலத்துல கெடைக்காதா?”

“வயல்ல தண்ணி எவ்ளோ ஆழத்துல இருக்குன்னு பாக்க பெரியப்பா. மேல வத்திட்டாலும் வேருக்குக் கீழ ஈரம் இருக்கும். அது எறங்கற வரைக்கும் மோட்டார் போட வேணாம்.”

“வயல காயப் போடச் சொல்ற. நாப்பது வருசமா நெல்லு வெக்கிறன். நெல்லுன்னா தண்ணி நிக்கணும். இல்லன்னா களை மண்டிடும்.”

களையைப் பற்றி அவர் சொன்னது முழுக்க உண்மை. நெல் தண்ணீரைத் தாங்கும் பயிர். ஆனால் தண்ணீரிலேயே நின்றால்தான் உயிர் பிழைக்கும் என்பதில்லை. வயலில் எப்போதும் நீர் நிறுத்துவதற்கு முக்கியமான காரணமே களையை அமுக்கி வைப்பதுதான்.

நான் கொண்டுபோன யோசனை ஒன்றும் புதியதல்ல. தமிழில் அதற்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள்: காய்ச்சலும் பாய்ச்சலும். பாய்ச்சிய நீர் மறைந்து, மண் லேசாகக் காய்ந்ததும் மறுபடி பாய்ச்ச வேண்டும். ‘நீர் மறைய நீர் கட்டு’ என்று வேளாண் அலுவலர்கள் சொல்வதும் இதைத்தான். ஒற்றை நாற்று நடவு என்று நாம் அறிந்த திருந்திய நெல் சாகுபடியிலும் இது ஓர் அங்கம். 1983-ல் மடகாஸ்கரில் ஹென்றி டி லாலானியே என்ற பாதிரியார் உருவாக்கிய முறை அது. 2000-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைச் சோதிக்கத் தொடங்கியது. 2007-ல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய நீர்வள, நிலவளத் திட்டத்தில் மாநிலம் முழுக்க அது பரவியது. அப்போது எல்லோரும் பேசியது தண்ணீர்ச் சிக்கனத்தையும் விளைச்சலையும்தான். மீத்தேன் பேச்சில் வரவே இல்லை.

மண் லேசாகக் காயும்போது துளைகள் திறக்கின்றன. காற்று உள்ளே போகிறது. காற்று பட்டதும் மீத்தேன் தயாரிக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடுகின்றன. எவ்வளவு குறையும்? பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா-வின் பன்னாட்டுக் குழு 2019-ல் திருத்திய கணக்கு இப்படிச் சொல்கிறது. பருவம் முழுக்க நீர் நிற்கும் வயலிலிருந்து 100 பங்கு மீத்தேன் வருகிறது என்று வையுங்கள். ஒரே ஒரு முறை வடித்துக் காயவிட்டால் அது 71 ஆகும். பல முறை காய்ந்து பாய்ந்தால் 55-க்கு வந்துவிடும். ஏறக்குறைய பாதி மிச்சம்!

நெல் மீது விழுந்த பழி

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு கணக்குப் போட்டது. இந்திய நெல் வயல்கள் மட்டும் வருடத்துக்கு ஏறக்குறைய 3.8 கோடி டன் மீத்தேன் விடுகின்றன என்றது. வெளிநாட்டு வயல்களில் அளந்ததை நம் நாட்டின் நெல் பரப்பால் பெருக்கி வந்த எண் அது.

நம் விஞ்ஞானிகள் சும்மா இருக்கவில்லை. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991-ல் நாடு தழுவிய அளவீடு நடந்தது. வயலில் பயிரின் மேல் கண்ணாடி போன்ற பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் வாயுவை ஊசியால் உறிஞ்சிச் சோதித்தார்கள். வந்த விடை சுமார் 40 லட்சம் டன். அமெரிக்கா சொன்னதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம் நாட்டில் நிறைய வயல்கள் மழையை நம்பியவை. பருவம் முழுக்க அவற்றில் தண்ணீர் நிற்பதில்லை. மண்ணில் கரிமச் சத்தும் குறைவு. சுருக்கமாகச் சொன்னால், நம் விவசாயி தெரிந்தோ தெரியாமலோ காய்ச்சலையும் பாய்ச்சலையும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்.

அதே 1991-ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு கேள்வி எழுப்பினார்கள். ஏழை விவசாயி சோற்றுக்காக விடும் மீத்தேனையும், பணக்கார நாட்டுக்காரர் சொகுசு கார் ஓட்டி விடும் புகையையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? அந்தக் கேள்விக்கு இன்றும் வயசாகவில்லை. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில், 2030-க்குள் மீத்தேனை 30 சதவிகிதம் குறைப்போம் என்று பல நாடுகள் உறுதிமொழி எடுத்தபோது இந்தியா கையெழுத்திடவில்லை. கால்நடையும் நெல்லும் சிறு விவசாயிகளின் வாழ்வாதாரம் என்பதே நம் தரப்பு.

அப்படியென்றால் நாம் சும்மா இருந்துவிடலாமா? 2020-ம் வருடக் கணக்கின்படி இந்தியாவின் மொத்த வெளியேற்றத்தில் விவசாயத்தின் பங்கு ஏறக்குறைய 14 சதவிகிதம். அதில் பாதிக்கு மேல் ஆடு, மாடுகளின் செரிமானத்தில் வருவது. மீதியில் பெரிய பங்கு நெல் வயலுக்கும் உரமிட்ட மண்ணுக்கும். உலகுக்காக என்பதை விடுங்கள். வயலிலிருந்து வீணாகப் போவதில் நம் காசும் போகிறதே, அதற்காகவாவது பார்க்கலாம்.

மூட்டையில் ஒரு பங்கு காற்றோடு

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 சதவிகிதம், அதாவது 20 கிலோ 700 கிராம். மத்திய, நீண்ட கால நெல் ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. ஏக்கருக்கு 60 கிலோ. யூரியாவாகவே போட்டால் ஏறக்குறைய மூன்று மூட்டை.

இந்த மூன்று மூட்டையும் பயிருக்குப் போய்ச் சேருகிறதா? இல்லை. நெல் வயலில் போடும் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் பயிர் எடுத்துக்கொள்கிறது. மீதியில் கொஞ்சம் அமோனியாவாகப் பறக்கிறது. கொஞ்சம் நீரோடு மண்ணுக்குள் இறங்குகிறது. சின்னதாக ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடாக மாறி வானம் ஏறுகிறது. பல் டாக்டர்கள் மயக்கத்துக்குப் பயன்படுத்தும் ‘சிரிப்பூட்டும் வாயு’ இதுதான். வயலில் வந்தால் சிரிக்க முடியாது. கிலோவுக்கு 273 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். காற்றில் 100 வருடத்துக்கு மேல் தங்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். மண்ணுக்குள் காற்றே இல்லாமல் நீர் நின்றால் மீத்தேன் அதிகம், நைட்ரஸ் ஆக்ஸைடு குறைவு. ஒரு நாள் ஈரம், மறுநாள் காய்ச்சல் என்று மாறி மாறி வரும்போது நைட்ரஸ் ஆக்ஸைடுக்குக் கொண்டாட்டம். தென்னிந்திய வயல்களில் அளந்து 2018-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் வெளியான கட்டுரை இதைத்தான் எச்சரித்தது. கடுமையாகக் காயவிட்ட வயல்களில் நைட்ரஸ் ஆக்ஸைடு எதிர்பாராத அளவுக்கு எகிறியிருந்தது. ரொம்பக் காயவிடாமல் நிதானமாக நீரை நிர்வகித்து, தழைச்சத்தையும் அளவாக இட்டால் இரண்டையும் சேர்த்துக் குறைக்கலாம் என்றும் அதே கட்டுரை சொன்னது.

ஆக, ‘வயலைக் காயப்போடு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி வைத்தியம். நீரையும் யூரியாவையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

யூரியாவை அளக்க ஒரு சுலபமான கருவி உண்டு. இலை வண்ண அட்டை. வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை வரிசையாகப் பட்டைகள் கொண்ட அட்டை. காலை 8 முதல் 10 மணிக்குள், நம் நிழல் இலையில் விழும்படி நின்று, முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இலைகளில் ஆறு இலைகளாவது 4-ம் எண் பச்சையைவிட வெளிறியிருந்தால் மேலுரம் போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு மட்டும் 3-ம் எண். வெளிறவில்லையா? யூரியா மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும். நட்ட 14-ம் நாளிலிருந்து பூ வரும் வரை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும்.

பெரியப்பா இந்த அட்டையைப் பார்த்ததும், “இதுக்கு எதுக்கு அட்டை? எலய பாத்தாலே தெரியுமே” என்றார். ஆனால் வரப்பில் நின்று பார்த்தபோது இரண்டு இடங்களில் அவர் கண்ணுக்கு வெளிறியதாகத் தெரிந்த இலை, அட்டையில் சரியான பச்சையிலேயே இருந்தது. ஒன்றும் பேசாமல் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஒலகமா குடுக்கும்?”

குழாய் விஷயத்தில் மட்டும் அவர் மசியவில்லை. அன்று சாயங்காலம் மோட்டார் கொட்டகைத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது காரணத்தைச் சொன்னார்.

“நீ சொல்ற மாதிரி தண்ணி அடியில எறங்கிடிச்சின்னு வெச்சிக்க. அன்னிக்குன்னு பாத்து டிரான்ஸ்ஃபார்மர் போயிடிச்சி. மூணு நாளு கரண்டு இல்ல. நம்மளுது களிமண்ணு. வெடிப்பு வுட்டுடிச்சின்னா அப்புறம் எவ்ளோ பாய்ச்சினாலும் அடியில போயிடும். ஒலகத்துக்கு நல்லதுதான், சரி. எனக்கு ஒரு போகம் போச்சின்னா ஒலகமா குடுக்கும்?”

என்னிடம் பதில் இல்லை. இந்த ஒரு கேள்விதான் இந்த விஷயத்தின் மொத்தச் சிக்கலும்.

தமிழ்நாட்டில் 1990-லிருந்து எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசம். அதனால் பல லட்சம் குடும்பங்கள் பிழைத்தன. ஆனால், தண்ணீரை மிச்சம் பிடித்தால் கரன்ட் பில் குறையும் என்று பெரியப்பாவிடம் சொல்ல முடியாது. பில்லே இல்லையே! அவருக்கு மும்முனை மின்சாரம் வருகிற நேரம்தான் பிரச்னை. வரும்போது மோட்டாரைப் போட்டு வயலை நிரப்பி வைத்துக்கொள்வது அவருடைய பாதுகாப்பு. வயலில் நிற்கும் தண்ணீர் அவருக்கு வங்கியில் போட்ட டெபாசிட் மாதிரி. ‘டெபாசிட்டை எடுத்துவிடுங்கள்’ என்று சொல்பவர், நாளைக்கு அவசரம் என்றால் யார் கொடுப்பார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பருவமும் முக்கியம். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலைக் காயவிடுவது யார் கையிலும் இல்லை. தண்ணீரை வடிப்பதே அப்போது பெரும்பாடு. போர் தண்ணீரை நம்பி நடும் நவரையில்தான் காய்ச்சலுக்கும் பாய்ச்சலுக்கும் இடம் இருக்கிறது.

‘உலகம் கொடுக்கும்’ என்று சொல்லிக்கொண்டும் சிலர் வருகிறார்கள். கார்பன் கிரெடிட் பேச்சு இப்போது கிராமங்கள் வரை வந்துவிட்டது. வயலில் மீத்தேன் குறைந்ததைக் கணக்கிட்டு, அந்தக் குறைப்பை வெளிநாட்டு, உள்நாட்டு நிறுவனங்களுக்கு விற்று, வரும் பணத்தில் விவசாயிக்கு ஒரு பங்கு கொடுப்பதாகத் திட்டம். 2024 ஜனவரியில் மத்திய வேளாண் அமைச்சகம் இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. அளப்பதில்தான் சிக்கல். இப்படிப்பட்ட கிரெடிட்களுக்குச் சான்று தரும் வெர்ரா என்ற சர்வதேச அமைப்பு, நெல் வயலுக்கான பழைய கணக்கிடும் முறையை 2023-ல் நிறுத்திவைத்தது. 2024-ல் சீனாவின் 37 நெல் திட்டங்களை நிராகரித்தது. எனவே யாராவது படிவத்தோடு வந்தால் கையெழுத்துக்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு? வரும் பணத்தில் என் பங்கு எவ்வளவு, எப்போது? நடுவில் விலகினால் அபராதம் உண்டா? மழையால் வயல் காயாமல் போனால் யார் பொறுப்பு? பதில் தமிழில், எழுத்தில் வேண்டும்.

வியட்நாம் இதை வேறு மாதிரி செய்கிறது. மீகாங் டெல்டாவில் 2030-க்குள் 10 லட்சம் ஹெக்டேரில் குறைந்த வெளியேற்ற நெல் சாகுபடி என்று 2023-ல் அந்த அரசே திட்டம் வகுத்தது. தனித்தனி விவசாயியின் தலையில் சுமையைக் கட்டாமல், அரசு முன்னால் நிற்கிறது. நம் ஊரிலும் காய்ச்சலுக்குச் சம்மதிக்கும் கிராமத்துக்கு, பாய்ச்சும் நாளில் மின்சாரம் கட்டாயம் உண்டு என்ற உத்தரவாதம் கொடுத்தாலே பெரியப்பா மாதிரி ஆட்கள் பாதி வழி வந்துவிடுவார்கள்.

குழாயை வைப்பது எப்படி?

வீட்டிலேயே செய்யலாம். செலவு ரொம்பக் குறைவு.

1. 30 செ.மீ. நீளம், 10 முதல் 15 செ.மீ. அகலம் உள்ள பி.வி.சி குழாய். மூங்கில் குழாயும் போதும்.

2. கீழ்ப் பாதியில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டை போடுங்கள். பழுக்கக் காய்ச்சிய ஆணி போதும்.

3. ஓட்டை உள்ள பாதி மண்ணுக்குள், மீதி 15 செ.மீ. மேலே தெரியும்படி வரப்போரம் சமமான இடத்தில் செருகுங்கள். குழாய்க்குள் இருக்கும் சேற்றை அள்ளிவிடுங்கள்.

4. நட்டு இரண்டு வாரம் வரை தண்ணீர் நிற்கட்டும். களை கட்டுப்பட்ட பிறகு காய்ச்சலைத் தொடங்கலாம்.

5. குழாய்க்குள் தண்ணீர், மண் மட்டத்திலிருந்து 15 செ.மீ. கீழே இறங்கியதும் பாய்ச்சுங்கள். மண்ணுக்கு மேல் 5 செ.மீ. நின்றால் போதும். களிமண் வெடிப்பு விடும் வரை காத்திருக்க வேண்டாம்.

6. பூ வருவதற்கு ஒரு வாரம் முன்பும், பூத்து ஒரு வாரம் வரையும் காயவிடவே கூடாது. அப்போது தண்ணீர் குறைந்தால் பதராகிவிடும்.

இந்த எல்லைக்குள் நின்றால் விளைச்சல் பெரும்பாலும் குறைவதில்லை, தண்ணீரில் 30 சதவிகிதம் வரை மிச்சமாகலாம் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுபவம்.

தாளும் சோகையும்

நீர், யூரியாவுக்கு அடுத்தது மூன்றாவது கணக்கு. அறுத்த நெல்லின் தாளை மடக்கி உழுதவுடனே தண்ணீர் கட்டி நட்டால், மீத்தேன் நுண்ணுயிர்களுக்கு அது விருந்து. அதே தாளை, நீர் கட்டுவதற்கு 30 நாளுக்கு மேல் முன்பே உழுது காற்றோட்டத்தில் மக்கவிட்டால், அதனால் கூடும் மீத்தேன் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். பச்சையாக இடுவதைவிட மக்கிய எரு நல்லது என்பதும் இதே கணக்குதான்.

நல்லூர் பக்கம் கரும்பும் உண்டு. வெட்டி முடித்த கொல்லையில் சோகைக்குத் தீ வைத்தால் ஒரு ராத்திரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் மீத்தேன், நைட்ரஸ் ஆக்ஸைடு, கண் எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரும். மண்ணுக்குப் போக வேண்டிய கரிமச் சத்தும் சாம்பலாகும். அதே சோகையைத் தூளாக்கியோ, கரும்பு வரிசைகளுக்கு நடுவே பரப்பியோ விட்டால் ஈரம் காக்கும், களை அமுங்கும், மெல்ல மக்கி எருவாகும்.

நெல்லுக்கு நெல் என்று போகாமல் நடுவில் ஒரு போகம் உளுந்தோ மணிலாவோ வைப்பதும் லாபம். இவற்றின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். மூட்டை யூரியா தேவை குறையும். வேறெங்கும் தேட வேண்டியதில்லை. வி.ஆர்.ஐ என்ற பெயரில் மணிலா ரகங்களை உருவாக்கிய வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் விருத்தாசலத்திலேயே இருக்கிறது. வேளாண் அறிவியல் நிலையமும் அங்கேயே. மண் பரிசோதனை, இலை வண்ண அட்டை பற்றியெல்லாம் போய்க் கேட்கலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த குழாய்

சென்னை கிளம்பும் அன்று காலையில் பெரியப்பா ஒரு சமாதானத்துக்கு வந்தார். கொட்டகையை ஒட்டின சின்னக் கழனியில் மட்டும், “நீ ஆசப்பட்டதுக்காக” குழாயை வைக்கச் சொன்னார். நட்டு 20 நாள் ஆன பயிர். அண்ணன் மண்ணைத் தோண்டினான், நான் செருகினேன். பெரியம்மா வரப்பில் நின்று, “புள்ளைங்க வெளயாட்டு இன்னும் வுடல” என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம். குழாய்க்குள் வைத்த ஸ்கேல். தண்ணீர் 6 செ.மீ. கீழே. ‘மேல காஞ்சி கெடக்கு. உள்ள ஈரமாத்தான் இருக்கு’ என்று குரல் பதிவு. அடுத்தடுத்த நாட்களில் 9, 12 என்று படங்கள் வந்தன. 13-ல் மோட்டார் போட்டுவிட்டார். “பதினஞ்சி வரைக்கும் காத்திருந்தா எனக்குத் தூக்கம் வராது பாப்பா.” தப்பே இல்லை. அந்த 2 செ.மீ. அவருடைய தைரியத்தின் எல்லை. கரன்ட் நிச்சயம் என்றால் அந்த எல்லையும் இறங்கும்.

அந்தக் கழனி இன்னும் அறுவடைக்கு வரவில்லை. விளைச்சல் எப்படி என்பதைக் களம் சொல்லட்டும். ஒரு சின்னக் கழனியின் மீத்தேன் குறைந்ததால் உலகம் குளிர்ந்துவிடாது என்பதும் தெரியும்.

ஆனால், போன வாரம் வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழாயின் நிறம் வேறு. நான் வாங்கிக் கொடுத்தது சாம்பல் நிறம், இது வெள்ளை. பின்னால் கொட்டகையையும் காணோம். போன் போட்டேன்.

“இது எந்தக் கழனி பெரியப்பா?”

“மேலக் கழனி. விருத்தாசலம் போனப்ப ஒரு துண்டு வாங்கியாந்தன். ஓட்ட நானே போட்டன்.”

“நீங்கதான் ஒரு கழனிக்கு மேல வேணாம்னீங்களே?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்:

“அதுக்கும் மூச்சு முட்டும்ல பாப்பா!”